திருப்பூர் ஜி.எச்.: டீனுக்கு என்ன அதிகாரம்? மருந்து, டாக்டர், ஸ்கேன், கேஸ்... எதற்கு யாரைக் கேட்பது?

'ஸ்கேனுக்கு ஏன் பணம் கேட்கிறார்கள்?', 'நரம்பு டாக்டர் ஏன் இல்லை?', 'கோவைக்குப் போங்கன்னு ஏன் சொல்றாங்க?' திருப்பூர் தாராபுரம் சாலையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இதுபோன்ற கேள்விகள் காதில் விழும். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'டீன்கிட்ட சொல்லுங்க.'

ஆனால் இதில் எத்தனை விஷயங்களை டீனால் முடிவு செய்ய முடியும்? மருந்து வாங்குவது ஒரு அமைப்பு, டாக்டரை நியமிப்பது இன்னொரு அமைப்பு, கட்டடத்தைப் பராமரிப்பது வேறொரு துறை. பட்டம் கொடுப்பது ஒரு பல்கலைக்கழகம், கல்லூரியை ஆய்வு செய்வது டெல்லியில் இருக்கும் ஆணையம். அதிகாரம் இப்படிப் பிரிந்து கிடப்பதால், தவறான கதவைத் தட்டிவிட்டு 'யாருமே பதில் சொல்லல' என்று திரும்புபவர்கள்தான் அதிகம்.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி. அதனால் எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மாவட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி ஆனது எப்படி?

திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல். கோவை, ஈரோடு மாவட்டங்களில் இருந்து பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசித்தவர்கள் சுமார் 24.8 லட்சம் பேர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என வெளி மாநிலங்களில் இருந்து வந்து பின்னலாடை வேலை பார்ப்பவர்கள் எண்ணிக்கை அதன் பிறகு இன்னும் கூடியிருக்கிறது.

மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில், அங்கே ஏற்கெனவே உள்ள மாவட்ட மருத்துவமனையோடு சேர்த்துப் புதிய கல்லூரி தொடங்கும் மத்திய அரசுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள் கிடைத்தன. அதில் ஒன்றுதான் திருப்பூர். 11 கல்லூரிகளையும் 2022 ஜனவரி 12-ம் தேதி பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்து வைத்தார். மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு சுமார் 2,145 கோடி, மீதி மாநில அரசு. திருப்பூர் கல்லூரிக்கு ஆண்டுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள்.

கட்டடத்துக்கு இரண்டு அரசும் பணம் போட்டிருந்தாலும் மருத்துவமனை மாநில அரசுடையது. சம்பளம், மருந்து, மின்சாரம் என அன்றாடச் செலவும் மாநிலத்தின் பொறுப்பு.

மாறியது பெயர்ப் பலகை மட்டுமா?

இல்லை. மருத்துவமனையின் நிர்வாகமே மாறியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள்ளேயே மூன்று பெரிய இயக்குநரகங்கள் இருக்கின்றன.

• ஆரம்ப சுகாதார நிலையங்கள்: பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநரகம்.

• தாலுகா மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்: மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம். மாவட்ட அளவில் இதற்குத் தலைவர் இணை இயக்குநர், ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 'ஜே.டி.'

• மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்: மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகம். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்துத் தலைவர் டீன்.

அதாவது, முன்பு ஜே.டி. கையில் இருந்த திருப்பூர் மருத்துவமனை இப்போது டீன் கைக்கு வந்துவிட்டது. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் உள்ள தாலுகா மருத்துவமனைகள் ஜே.டி. பொறுப்பில்தான் தொடர்கின்றன. தாலுகா மருத்துவமனையில் நடந்த விஷயத்துக்கு டீனிடம் மனு கொடுத்தால் அவரால் நடவடிக்கை எடுக்க முடியாது. இதையே திருப்பிப் போட்டாலும் கதை அதுதான்.

பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை?

'மருத்துவக் கல்லூரி' என்றதும் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. சில நாடுகளில் அப்படித்தான். மலேசியாவின் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், பெயரிலேயே தெரிவதுபோல, பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1987-ல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கல்லூரிகளுக்கு இணைப்பு அங்கீகாரம் கொடுக்கும், தேர்வு நடத்தும், பட்டம் வழங்கும். அதோடு சரி. மருத்துவமனையின் ஒரு படுக்கை கூடப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் பல்கலைக்கழகம் இல்லை, அரசு கருவூலம்.

டீனால் எதைச் செய்ய முடியும்?

மருத்துவமனைக்குள் அன்றாட நிர்வாகம் முழுக்க டீன் பொறுப்பு. அவருக்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.), துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள்.

• டியூட்டி பட்டியல் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது, ஊழியர்களை உள்ளேயே வார்டு மாற்றுவது.

• புகார் வந்தால் விளக்கம் கேட்பது, உள் விசாரணை நடத்துவது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது.

• அரசு விதித்த வரம்புக்குள் அவசரத்துக்குச் சில மருந்து, பொருட்களை உள்ளூரில் வாங்குவது.

• காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் தொகையை விதிகளுக்கு உட்பட்டுச் செலவிடுவது.

எதைச் செய்ய முடியாது?

இந்தப் பட்டியல்தான் நீளம்.

டாக்டர் நியமனம்: நிரந்தர டாக்டர், நர்ஸ் நியமனத்தை 2012-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செய்கிறது. புதிதாக ஒரு பணியிடம் உருவாக்க வேண்டும் என்றால் அரசாணை வேண்டும். நிதித்துறை ஒப்புதல் இல்லாமல் அது வராது.

இடமாற்றம், தண்டனை: ஒரு பேராசிரியரை வேறு ஊருக்கு மாற்றுவதோ, பணியில் இருந்து நீக்குவதோ டீன் கையில் இல்லை. டாக்டர்கள் மாநில அரசு ஊழியர்கள். ஒழுங்கு நடவடிக்கை அதற்கான அரசு விதிகளின்படி இயக்குநரக, செயலக அளவில் நடக்கும்.

மருந்து கொள்முதல்: 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுமைக்கும் டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறையும், தரத்தைச் சோதித்து அனுப்ப முடியும் என்பது இதன் பலம். பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கில் இருந்து மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிடங்கிலேயே ஒரு மருந்து இல்லை என்றால், டீனுக்கு இருப்பது அந்தச் சிறிய உள்ளூர்க் கொள்முதல் வாய்ப்பு மட்டும்தான்.

ஸ்கேன் கட்டணம்: அரசு மருத்துவமனைகளில் உள்ள பல சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துவதும் இதே கழகம்தான். 'எல்லாமே இலவசம்தானே, ஸ்கேனுக்கு மட்டும் ஏன் பணம்?' என்ற கேள்விக்குக் காரணம் இதுதான். கட்டணத்தை டீன் நிர்ணயிப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பணம் கட்டும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் 'இது திட்டத்தில் வருமா?' என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கட்டடம், மின்சாரம்: பொதுப்பணித்துறை. கூரை ஒழுகினாலும், லிஃப்ட் நின்றாலும் டீன் கடிதம்தான் எழுத முடியும்.

துப்புரவு, காவல்: பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். வேலை சரியில்லை என்றால் டீன் புகார் செய்யலாம். ஆனால் அவர்கள் மருத்துவமனையின் ஊழியர்கள் இல்லை.

கேள்வி திருப்பூருக்கு, பதில் சென்னையில்

இந்தப் பிரிவினையின் சிக்கல் 2025-ல் மாநிலம் முழுக்கத் தெரிந்தது. மருத்துவக் கல்லூரிகளைக் கண்காணிப்பது தேசிய மருத்துவ ஆணையம். பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பர் 25 முதல் இது செயல்படுகிறது. எத்தனை மாணவர்களுக்கு எத்தனை படுக்கை, எத்தனை பேராசிரியர் என்று விதி போடுவது, ஆய்வு செய்வது, தேவைப்பட்டால் இடங்களைக் குறைப்பது வரை இதற்கு அதிகாரம் உண்டு.

2025-ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு, பேராசிரியர் பற்றாக்குறை உள்ளிட்ட குறைகளைச் சொல்லி ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. ஆனால் காலியிடத்தை நிரப்பும் அதிகாரம் கல்லூரிக்கு இல்லை. 'ஆள் போடுங்கள்' என்று டீன் சென்னைக்குத்தான் எழுத வேண்டும்.

பொறுப்பு ஒரு இடத்திலும் அதிகாரம் வேறு இடத்திலும் இருப்பது நோயாளிக்கு எப்படி வந்து சேரும்? காலியாக இருக்கும் ஒவ்வொரு சிறப்பு மருத்துவர் இடமும், ஆம்புலன்ஸில் கோவை வரை போகும் ஒரு நோயாளி.

2020 செப்டம்பரில் நடந்தது

திருப்பூரிலேயே இதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. கொரோனா காலம். மருத்துவக் கல்லூரிக்கான கட்டுமானப் பணி மருத்துவமனை வளாகத்தில் நடந்துகொண்டிருந்தது. 2020 செப்டம்பர் 22-ம் தேதி மருத்துவமனையில் மின்சாரம் தடைபட்டது. சிகிச்சையில் இருந்த நோயாளிகள் உயிரிழந்தனர். மின்தடையால் ஆக்சிஜன் கிடைக்காமல்தான் இறந்தார்கள் என்று உறவினர்கள் குற்றம்சாட்டினர். மாவட்ட நிர்வாகம் அதை மறுத்தது. மின்தடைக்குக் கட்டுமானப் பணியே காரணம் என்று சொல்லப்பட்டது.

சிகிச்சை ஒரு துறை, கட்டடம் இன்னொரு துறை, வேலை செய்தது ஒப்பந்ததாரர், விளக்கம் சொன்னது மாவட்ட நிர்வாகம். ஒரே வார்டில் இத்தனை பேரின் அதிகாரம் சந்திக்கிறது. ஒரு தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத இடத்தில், நோயாளியின் குடும்பம்தான் ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது.

மருத்துவமனை மீது வழக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் எதிர்மனுதாரர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டெல்லி எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்றவை நாடாளுமன்றச் சட்டம் மூலம் உருவான தனி அமைப்புகள். எய்ம்ஸுக்கு 1956 சட்டம், ஜிப்மருக்கு 2008 சட்டம். அவை தங்கள் பெயரிலேயே சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம். திருப்பூர் ஜி.எச். அப்படிப்பட்ட தனி 'சட்ட நபர்' இல்லை. அது அரசுத் துறையின் ஒரு அங்கம். அதனால் இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு என்றால் அது தமிழ்நாடு அரசின் மீதுதான். வழக்குக்கு முன் பொதுவாக இரண்டு மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும்.

'அரசு ஆஸ்பத்திரி, இலவச வைத்தியம், அதனால் கேள்வி கேட்க முடியாது' என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றில் கருத்தடை அறுவை சிகிச்சை தோல்வியடைந்த ஹரியானா வழக்கில், டாக்டரின் கவனக்குறைவுக்கு மாநில அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

இதில் ஒரு கோடு இருக்கிறது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சிறு தொகையால் இது மாறாது. ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை என்றால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாலும் அது 'சேவை'தான்.

கட்டண வார்டு, காப்பீட்டுத் திட்ட அறுவை சிகிச்சை என்று அரசு மருத்துவமனைகள் மாறி வரும் நிலையில், இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் ஒரு வழக்கு வரும் என்பதை அந்தந்த வழக்கின் விவரங்கள்தான் முடிவு செய்யும். வழக்கறிஞரிடம் போகும்போது பணம் கட்டிய ரசீது, காப்பீட்டு ஒப்புதல் தாள் இரண்டையும் எடுத்துப் போவது முக்கியம்.

கிரிமினல் வழக்கு அவ்வளவு எளிதல்ல. டாக்டர் மீது போலீஸ் நடவடிக்கை எடுக்கும் முன் தகுதியான இன்னொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கோபத்தில் டாக்டரையோ நர்ஸையோ தாக்கினால், மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்தால், 2008-ல் தமிழ்நாடு கொண்டுவந்த மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஜாமீனில் வர முடியாத வழக்குப் பாயும். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் வழக்கு தலைகீழாகிவிடும்.

'இங்கே இடமில்லை' என்று திருப்பி அனுப்பலாமா?

அவசர நிலையில் கூடாது. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துத்தான் உயிர் பிழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் வந்த தீர்ப்பு: உரிய நேரத்தில் அவசர சிகிச்சை கொடுக்காதது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. 'நிதி இல்லை' என்பது அரசு சொல்லக்கூடிய காரணம் இல்லை. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவானது.

வசதி இல்லாத சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஆனால் முதலில் உயிரைக் காக்கும் சிகிச்சை கொடுத்து, நிலையை ஓரளவு சரிசெய்து, ஏன் அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, வேறு மாநிலத்துக்காரர் என்பதெல்லாம் அவசர சிகிச்சையை மறுக்கக் காரணம் ஆகாது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை, எந்த மாநிலத்தவருக்கும் உண்டு.

கம்பெனியில் அடிபட்டால் ஜி.எச்.ஸா, இ.எஸ்.ஐ.யா?

திருப்பூருக்கே உரிய கேள்வி இது. ஓவர்லாக் மெஷினில் ஊசி ஏறியது, கட்டிங் மெஷினில் விரல் போனது, சாயப்பட்டறையில் பாய்லர் சூடு பட்டது... உடனே எது பக்கமோ அங்கே போக வேண்டும். அதில் சந்தேகமே வேண்டாம். சட்டப்படி யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி.

இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். பீஸ் ரேட்டில் வேலை பார்த்தாலும், காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் இது பொருந்தும். வேலையில் அடிபட்டால் சிகிச்சையோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு வேலையில் சேர்ந்து இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஜி.எச்.சில் இந்தப் பண உதவி இல்லை.

நிர்வாகத்திலும் இ.எஸ்.ஐ. வேறு உலகம். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கை இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. திருப்பூருக்கான 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். அதன் உரிமை மத்திய அரசின் கீழ் வரும் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு. ஜி.எச். டீனுக்கோ மாநில சுகாதாரத் துறைக்கோ அதில் அதிகாரம் இல்லை.

இன்னொரு பெரிய வித்தியாசம்: இ.எஸ்.ஐ. சிகிச்சை 'இலவசம்' கிடையாது, தொழிலாளி சந்தா கட்டியிருக்கிறார், அதனால் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் கிஷோர் லால் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பளத்தில் பிடித்தம் செய்தும் இ.எஸ்.ஐ.யில் கட்டாமல் விட்டிருந்தால், தொழிலாளி இழப்பது சிகிச்சையை மட்டும் இல்லை, இந்த உரிமையையும் சேர்த்துத்தான். அடிபட்ட பிறகு தேடுவதைவிட, இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

பக்கத்து ஊர்கள் சொல்லும் பாடம்

ஒரு மருத்துவமனை யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம்? சுற்றுவட்டாரத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

பெருந்துறை: இங்குள்ள மருத்துவக் கல்லூரி நீண்ட காலம் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின், அதாவது போக்குவரத்துத் துறையின் பொறுப்பில் இருந்தது. பின்னர் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, ஈரோடு மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது.

கோவை: சிங்காநல்லூர் பக்கம் இ.எஸ்.ஐ. கழகம் கட்டிய மருத்துவக் கல்லூரியை மாநில அரசு ஏற்று 2016-ல் தொடங்கியது. அதனால்தான் அதன் பெயரே 'அரசு மருத்துவக் கல்லூரி மற்றும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை'. இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இங்கே எம்.பி.பி.எஸ். ஒதுக்கீடு உண்டு. நீட் எழுதும் பிள்ளை இருக்கும் பனியன் தொழிலாளி குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சிதம்பரம்: தமிழ்நாட்டில் பல்கலைக்கழகமே மருத்துவமனை நடத்தியதற்குப் பெரிய உதாரணம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. நிதி நெருக்கடியால் பல்கலைக்கழகத்தை 2013-ல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் கல்லூரி உயர்கல்வித் துறையின் கீழேயே இருந்ததால், 'அரசு எடுத்த பிறகும் ஏன் தனியார் கட்டணம்?' என்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 ஜனவரியில் அது சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. அடுத்த மாதமே கட்டணம் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது.

கட்டடம் அதேதான், டாக்டர்கள் அதே ஆட்கள்தான். துறை மாறியதும் கட்டணம் மாறியது.

அப்படியானால் டீனுக்கே முழு அதிகாரம் கொடுத்துவிடலாமா?

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எய்ம்ஸ் போல் தன்னாட்சி இருந்தால் டாக்டர் நியமனம், கருவி கொள்முதல் எல்லாம் வேகமாக நடக்கலாம். ஆனால் மருந்தைத் தனித்தனியாக வாங்கினால் மொத்தக் கொள்முதலில் கிடைக்கும் விலை கிடைக்காது. நியமன அதிகாரம் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால் சிபாரிசுக்கு வழி திறக்கும். பெரிய நகர மருத்துவமனைகளுக்கு ஆள் கிடைக்கும், சின்ன ஊர்கள் காலியாகவே கிடக்கும் என்ற பயமும் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் கூடத் தேவையில்லை. எந்த வேலைக்கு எந்த அதிகாரி பொறுப்பு, எத்தனை நாளில் பதில் என்பதை எல்லோரும் பார்க்கும் இடத்தில், தமிழோடு இந்தி, ஒடியாவிலும் எழுதி வைப்பதுதான் அது.

எதற்கு யாரிடம் போவது?

• டியூட்டியில் டாக்டர் இல்லை, ஊழியர் பணம் கேட்கிறார், வார்டில் பிரச்சினை: முதலில் ஆர்.எம்.ஓ., பிறகு டீன். எழுத்து மூலமாகக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை.

• உடனடி உதவி, புகார்: 104 சுகாதார உதவி எண், முதல்வரின் உதவி மையம் 1100. ஆம்புலன்ஸுக்கு 108.

• சிறப்பு டாக்டர் பணியிடம் காலி, கருவி இல்லை: மருத்துவக் கல்வி இயக்குநரகம், சுகாதாரத் துறைச் செயலர். எம்.எல்.ஏ. வழியாகச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

• கட்டடம், குடிநீர், பல துறை சேர்ந்த பிரச்சினை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு. டாக்டர் நியமனம் கலெக்டர் கையில் இல்லை. ஆனால் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்க அவரால் முடியும்.

• சிகிச்சை ஆவணங்கள்: உள்நோயாளியின் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

• பணியிட எண்ணிக்கை, மருந்து இருப்பு, ஒப்பந்த விவரம்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்.

• டாக்டரின் தொழில் நடத்தை: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்.

• இழப்பீடு: வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மருத்துவமனை சேவையும் நிரந்தர மக்கள் நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய பொதுப் பயன்பாட்டுச் சேவை. அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

• இ.எஸ்.ஐ. பிரச்சினை: இ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகம், சிகிச்சைக் குறைபாடு என்றால் நுகர்வோர் நீதிமன்றம்.

திருப்பூர் ஜி.எச்.சில் டீனிடம் சொல்லக் கூடாது என்பதல்ல இதன் பொருள். அவரிடம் கொடுக்கும் மனுவின் நகலை, முடிவு எடுக்கும் அதிகாரம் உள்ள இடத்துக்கும் அதே நாளில் அனுப்பினால், 'அது எங்க கையில் இல்லை' என்ற பதிலோடு மனு நின்றுபோகாது.